சண்டியின் பச்சைப் புள்ளி

தம்பிக்குச் சண்டி என்று பெயர் வைத்தது அக்காதான். சின்ன வயதில் கடைத்தெருவில் ஒழுங்காக நடந்து வந்துகொண்டிருப்பவன் திடீரென்று நின்றுவிடுவான். எதற்கு நின்றாய் என்று கேட்டால் பதில் வராது. அப்பா இழுத்துப் பார்ப்பார், அம்மா கொஞ்சிப் பார்ப்பாள், போகிறவர் வருகிறவர் எல்லாம் ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். நம்ம துரை ஆணி அடித்தாற்போல் நிற்பார். அதற்கு மருந்து அக்கா ஒருத்திக்குத்தான் தெரியும். அவனைச் சுற்றி மூன்று முறை நடக்க வேண்டும். பேசக் கூடாது, சிரிக்கக் கூடாது, ஏன் என்று கேட்கவே கூடாது. மூன்றாவது சுற்று முடிந்ததும் நின்ற இடத்திலேயே ஒரு குதி குதிப்பான். கோபம் தீர்ந்தது என்று அர்த்தம். அதன்பிறகு அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து வருவான்.

வீட்டுக்கு வீடியோ கேம் பெட்டி வந்தபோது சண்டித்தனம் அதற்குள்ளும் குடியேறியது. இருவரும் சோறு தண்ணி மறந்து ஆடிய ஆட்டம் ஒன்று உண்டு. தீயணைப்பு வீரர்கள் இரண்டு பேர் எரிகிற கட்டடத்துக்குள் போவார்கள். சிவப்புத் தொப்பி அவனுக்கு, மஞ்சள் தொப்பி அவளுக்கு. இரண்டு பேர் இடுப்பிலும் ஒரே தண்ணீர்க் குழாய். ஒருவர் நின்றுவிட்டால் மற்றவர் குழாயின் நீளத்துக்கு மேல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது. இப்படி ஓர் ஆட்டத்தைச் சண்டி கையில் கொடுத்தால் என்ன ஆகும்? பாதி மாடியில் சிவப்புத் தொப்பி நின்றுவிடும். மஞ்சள் தொப்பி போன வழியே திரும்பி வந்து அதைச் சுற்றி மூன்று சுற்று போகும். சிவப்புத் தொப்பி ஒரு குதி குதிக்கும். அப்புறம்தான் நெருப்பு அணையும்.

இப்போது அக்காவுக்குப் பாதித் தலை நரைத்துவிட்டது. பல ஊர்களில் குளிர்பதனக் கிடங்கு வைத்திருக்கும் ஒரு கம்பெனியில் நெட்வொர்க் முழுவதும் அவள் பொறுப்பு. தம்பி ரயிலில் ஒரு பகல் தூரத்தில் இன்னோர் ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தான். இருந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். ஒரு நாள் காலையில் அவன் மனைவி, சண்டையில்லை சத்தமில்லை, ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு மாடிப்படி இறங்கிப் போய்விட்டாள். அன்றைக்கு நின்றவன்தான். முதலில் யார் வீட்டு விசேஷத்துக்கும் போகாமல் நின்றான், பிறகு வேலைக்குப் போகாமல் நின்றான், கடைசியில் ஃபோனையும் அணைத்து ஓர் இழுப்பறையில் போட்டுவிட்டான். மனசு கேட்காமல் அக்கா ரயிலேறிப் போய்க் கதவைத் தட்டினாள்.

கதவைத் திறந்தான். இளைத்திருந்தான். சட்டை மட்டும் சுத்தமாக இருந்தது.

"எல்லாரும் எப்படி இருக்க, எப்படி இருக்கன்னு கேக்கறாங்கக்கா," என்றான். "அதுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே அலுத்துப் போச்சு. நீயும் கேக்காத."

கேட்கத்தான் ரயிலேறி வந்திருந்தாள். அதை விட்டுவிட்டு அறையைப் பார்த்தாள். பழைய டிவி. அதன் பக்கத்தில் உள்ளங்கை அகலத்தில் ஒரு குட்டிக் கம்ப்யூட்டர். பழைய ஆட்டங்களையெல்லாம் அதில் ஏற்றி, பழைய மாதிரியே பொத்தான் வைத்த கைப்பிடி ஒன்றும் வாங்கி மாட்டியிருந்தான்.

"தீயணைப்பு இருக்கா இதுல?"

"இருக்கு. தனியா ஆட முடியாது. ரெண்டு பேரு வேணும்."

"நான் வரேன்."

"நீ அங்க, நான் இங்க. எப்படி வருவ?"

"அத எங்கிட்ட விடு," என்றாள் அக்கா. நாள் முழுக்க அந்த வேலையைத்தானே பார்க்கிறாள்.

அவளிடம் விட்டிருந்தால் பரவாயில்லை. அவள் ஊர் திரும்புவதற்குள் துரையே அதிமேதாவித்தனமாக வீட்டு ரவுட்டரில் ஒரு வழியைத் திறந்து வைத்துவிட்டான். பூட்டு இல்லாத வாசல். வாரம் முடிவதற்குள் எங்கிருந்தோ எவனோ உள்ளே வந்து, சேமித்து வைத்திருந்த ஆட்டங்களையெல்லாம் துடைத்துவிட்டுப் போனான். அக்கா மறுபடி ரயிலேறிப் போய், வாயில் வந்தபடி திட்டிவிட்டு, அதை மூடி, ஒரு விபிஎன் போட்டுக் கொடுத்தாள். உலகமே நடமாடுகிற சாலைக்கு அடியில் இரண்டு வீட்டுக்கு மட்டும் ஒரு சுரங்கப் பாதை. அதற்கு இரண்டே சாவி. ஒன்று அவளுடைய மடிக்கணினியில், இன்னொன்று அவனுடைய குட்டிப் பெட்டியில். ஆபீஸ் நெட்வொர்க்கில் எப்படியோ அப்படியே, அவ்வப்போது பழைய சாவியை ரத்து செய்து புதுச் சாவி போடுவாள். இரண்டு பேர் விளையாடுவதற்கு இத்தனை காவலா என்று அவள் கணவர் சிரிப்பார். அவர் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். எதையும் லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கிற நிதானம் அவருக்கு.

மைக் ஒன்று வைத்துக்கொள்ளலாம் என்றாள். வேண்டாம் என்றான். மைக் வந்தால் பேசச் சொல்வாள், பேசினால் கேட்பாள். திரையில் எழுதிக்கொள்ளவாவது ஓர் ஓரம் வைக்கலாம் என்றாள். அதுவும் வேண்டாம். ஞாயிறு காலை பத்து மணிக்கு அவன் பெட்டியைப் போடுவான், அவள் சுரங்கம் வழியாக வந்து சேருவாள், மஞ்சளும் சிவப்பும் நெருப்பை அணைக்கும். ஒரு மணி நேரம் கழித்து அவன் அணைத்துவிடுவான். அதுதான் ஏற்பாடு.

"வாயத் தொறக்காமலே பேசிக்கிற அக்கா தம்பிய ஒங்க குடும்பத்துலதான் பாக்கறேன்," என்பார் கணவர், காப்பியை அவள் பக்கத்தில் வைத்தபடி.

அந்த ஒரு மணி நேரம் அவளுக்குப் போதவில்லை. மற்ற நாளெல்லாம் தம்பி எப்படி இருக்கிறான் என்றே யோசித்துக்கொண்டிருந்தாள். கேட்கக் கூடாது என்பது ஒப்பந்தம். சரி, கேட்காமலே தெரிந்துகொள்ளலாமே என்று அவள் தொழில்மூளை வேலை செய்தது. ஆபீசில் அவள் மேசைக்கு எதிரே பெரிய திரை ஒன்று உண்டு. எந்தக் கிடங்கில் எந்தக் கருவி இணைப்பில் இருக்கிறதோ அதற்கெல்லாம் பச்சைப் புள்ளி, விட்டுப் போனால் சிவப்பு. அதன் கடைசி வரிசையில், யாருக்கும் சொல்லாமல், தம்பியின் பெட்டியையும் சேர்த்தாள். பெயர் கேட்டது. சண்டி என்று போட்டாள்.

முதலில் வாரத்துக்கு ஒருமுறைதான் பச்சை. அந்தப் பச்சையில் பொய் கிடையாது. அவன் எழுந்து வந்து சுவிட்சைப் போட்டால்தான் அது எரியும். ஆனால் திங்கள் முதல் சனி வரை சிவப்பையே பார்த்துக்கொண்டு அவளால் இருக்க முடியவில்லை. அடுத்த தடவை நேரில் போனபோது, பெட்டியை அணைக்காதே, அடிக்கடி அணைத்தால் கெட்டுப்போகும் என்று ஒரு கதை விட்டாள். அவன் கேட்டுக்கொண்டான். அப்புறம், இரண்டு பக்கமும் பேச்சில்லாமல் இருந்தால் நடுவில் இருக்கிற ரவுட்டர் பாதையை மூடிவிடும். அதற்கும் வழி செய்தாள். யார் விளையாடினாலும் விளையாடாவிட்டாலும் பெட்டியே கொஞ்ச நேரத்துக்கொரு தரம் இருக்கேன் என்று ஒரு சின்னக் குரல் கொடுக்கும். கரண்ட் போய் வந்தால் தானாக எழுந்து தானாக இணைந்துகொள்ளும். இப்போது சண்டி எப்போதும் பச்சை. காலையில் ஆபீசுக்குள் நுழைந்ததும் கைப்பையை வைப்பதற்கு முன்னால் கடைசி வரிசையைப் பார்ப்பாள். பச்சை. நிம்மதியாக உட்காருவாள். அந்தப் பச்சையைப் போட்டது தம்பி இல்லை, தானேதான் என்பதை அவள் எங்கோ வைத்து மறந்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, மடிக்கணினியைத் திறக்கப் போகிற நேரத்தில் ஆபீசிலிருந்து அழைப்பு. ஒரு கிடங்கில் சரக்கு முழுவதும் இளகிப்போயிருந்தது. திரையிலோ அந்தக் கிடங்கின் புள்ளி பச்சையாகவே எரிந்துகொண்டிருந்தது. தம்பியின் ஃபோன் இன்னும் இழுப்பறையில்தான், அவனுக்குச் சொல்ல வழி கிடையாது. ஒரு வாரம்தானே, புரிந்துகொள்வான் என்று கிளம்பிப் போனாள். கிடங்குக்குள் ஈரமும் நாற்றமும். அவளுக்குக் கீழே வேலை பார்க்கிற பெண் அழாத குறையாக நின்றாள்.

"மேடம், பச்சையாத்தான் இருந்துச்சு. அதான் நான் எதுவும் பாக்கல."

"பச்சைன்னா என்னம்மா அர்த்தம்?" என்றாள் அக்கா. "அளக்கிற பெட்டி பேசுதுன்னு அர்த்தம். அவ்வளவுதான். உள்ள குளிர் இருக்கா, சரக்கு உயிரோட இருக்கான்னு அது சொல்லாது. கதவத் தொறந்து பாத்தாத்தான் தெரியும். எத்தனை தடவ சொல்றது?"

அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். அக்கா பொழுது சாய்கிற வரை அங்கே நின்று, கிடங்கு கிடங்காக ஃபோன் போட்டு, எல்லாக் கதவையும் திறந்து பார்க்கச் சொன்னாள்.

திங்கள் சாயங்காலம் வீடு வந்ததும் சுரங்கத்துக்குள் நுழைந்தாள். தீயணைப்பு ஆட்டம் திறந்தே இருந்தது. முதல் மாடிக் கதவுக்கு முன்னால் சிவப்புத் தொப்பி நின்றிருந்தது. இரண்டு பேரும் சேர்ந்து தள்ளினால்தான் அந்தக் கதவு திறக்கும். திறக்கிற வரை நெருப்பும் வராது. மஞ்சள் தொப்பி பக்கத்தில் போய்த் தள்ளியது. சிவப்பு தள்ளவில்லை.

"துரைக்குக் கோபம்," என்றாள் கணவரிடம், சிரித்துக்கொண்டே. "நேத்து நான் வரலல்ல."

தள்ளுவதை விட்டுவிட்டு அதைச் சுற்றி மூன்று சுற்று சுற்றினாள். நிதானமாக, மரியாதையாக. குதிக்கவில்லை. சரி, கோபம் பெரிசு, நாளைக்கு இறங்குவான் என்று விட்டாள். செவ்வாயும் அதே இடம், அதே நிற்பு. மூன்று சுற்று போதாதென்று இன்னும் மூன்று சுற்றினாள். எரிச்சல் வந்தது. இவளுக்கும் வேலை இல்லையா, வீடு இல்லையா? இத்தனை வயதுக்கு அப்புறமும் ஒருத்தி வந்து சுற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா? அந்த எரிச்சலில் கொஞ்சம் சந்தோஷமும் இருந்தது. கோபித்துக்கொள்கிறான் என்றால் அவள் வராதது அவனுக்கு உறைத்திருக்கிறது. இத்தனை மாதத்தில் அவன் காட்டிய முதல் உணர்ச்சி அது என்று அவளுக்குப் பட்டது.

புதன் சாயங்காலம் கடைசி ஆயுதத்தை எடுத்தாள். குழாயைத் திருப்பிச் சிவப்புத் தொப்பியின் முகத்திலேயே தண்ணீரைப் பீய்ச்சினாள். சின்ன வயதில் இதைச் செய்தால் எவ்வளவு வீம்பு இருந்தாலும் கெக்கெக்கே என்று சிரித்து ஓடிவிடுவான். தண்ணீர் பட்டுத் தெறித்தது. சிவப்புத் தொப்பி அசையவில்லை.

"சண்டி, போதும்டா," என்றாள் திரையைப் பார்த்து. கேட்காது என்று தெரியும்.

கணவர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "அவன் அங்க உக்காந்திருக்கானா?" என்று கேட்டார்.

"இருக்கானே. பச்சையா இருக்கே."

சொன்ன பிறகுதான் தன் குரல் தன் காதிலேயே விழுந்தது. ஞாயிற்றுக்கிழமை கிடங்கில் தலை குனிந்து நின்ற பெண்ணின் குரல் மாதிரியே இருந்தது. மடிக்கணினியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து, தம்பி குடியிருந்த வீட்டின் சொந்தக்காரருக்கு ஃபோன் செய்தாள். அவர் கீழ் வீட்டில் இருப்பவர்.

"ஆளப் பாத்து நாளாச்சும்மா," என்றார் அவர். "ஆனா டிவி வெளிச்சம் ஜன்னல்ல தெரியுதே, இருக்காருன்னுதான் நெனச்சோம்."

"மேல போய்க் கதவத் தொறந்து பாருங்க," என்றாள். "ஒங்ககிட்ட இன்னொரு சாவி இருக்குமே. போங்கய்யா, தயவு செஞ்சு."

ஃபோனைக் காதிலேயே வைத்திருந்தாள். படியேறுகிற சத்தம் கேட்டது, கதவைத் தட்டுகிற சத்தம் கேட்டது, பூட்டுத் திறந்தது. அப்புறம் அவர், ஐயையோ என்று கூடச் சொல்லவில்லை, அம்மா என்று மட்டும் மெதுவாகச் சொன்னார்.

மாரடைப்பு என்றார் டாக்டர். ஞாயிற்றுக்கிழமையே போயிருக்க வேண்டும், வலி அதிகம் தெரிந்திருக்காது, உட்கார்ந்தபடியே தூங்கினது மாதிரிதான் என்றார். நல்ல மனிதர், எல்லாரிடமும் அப்படித்தான் சொல்வாரோ என்னவோ. நாற்காலியில் டிவியைப் பார்த்தபடி இருந்தானாம். கைப்பிடி மடியில் இருந்ததாம். அக்கா அதை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டாள். அப்படியென்றால் பத்து மணிக்கு வந்து உட்கார்ந்திருக்கிறான். ஆட்டத்தைத் திறந்து, சிவப்புத் தொப்பியைக் கதவு வரை கொண்டு வந்து நிறுத்தியிருக்கிறான். சண்டி கோபித்துக்கொண்டு நிற்கவில்லை. அக்கா வருவாள் என்று காத்துக்கொண்டு நின்றிருக்கிறான். அவள் அந்த நேரத்தில் கதவத் தொறந்து பாத்தாத்தான் தெரியும் என்று ஊராருக்கெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டிருந்தாள். திங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு ஃபோன் போட்டிருந்தால் அவன் திரும்பி வந்திருக்கமாட்டான், அது அவளுக்கும் தெரியும். ஆனால் மூன்று நாள் தனியாக அப்படி உட்கார்ந்திருந்திருக்கமாட்டான். இதை நினைத்துத்தான் அவள் அழுதாள். கணவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

காரியமெல்லாம் முடிந்து, அறையைக் காலி செய்வதற்குப் போனார்கள். நாற்காலியை யாரோ சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டிருந்தார்கள். டிவியும் பெட்டியும் அப்படியே ஓடிக்கொண்டிருந்தன. தானாக அணைகிற புத்தியெல்லாம் இல்லாத பழைய டிவி அது.

"எதத் தொடறதுன்னு எங்களுக்குத் தெரியல," என்றார் வீட்டுக்காரர். "நீங்களே அணைச்சிருங்கம்மா."

கணவர் அவரைக் கூட்டிக்கொண்டு வெளியே போனார். அக்கா நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்தாள். தம்பி உட்கார்ந்த பக்கத்திலிருந்து அந்த ஆட்டத்தை அவள் பார்ப்பது அதுதான் முதல் தடவை. கதவுக்கு முன்னால் சிவப்புத் தொப்பி. அதற்கு எதிரே, கையில் குழாயோடு, மஞ்சள் தொப்பி. புதன்கிழமை அவள் போட்டுவிட்டு எழுந்த மடிக்கணினி வீட்டில் இன்னும் திறந்துதான் கிடந்தது. அவள் செய்து வைத்த ஏற்பாட்டில் எதுவும் அறுபடவில்லை. அந்தப் பெட்டி இருக்கேன் என்றது, இந்தப் பெட்டியும் இருக்கேன் என்றது. இரண்டுக்கும் நடுவே ஆள் யாரும் இல்லை.

மடியில் கைப்பிடியை எடுத்து வைத்துக்கொண்டாள். குதிக்கிற பொத்தான் மட்டும் தேய்ந்து வழவழவென்று இருந்தது. கட்டைவிரலை அதன்மேல் வைத்தாள். ஓர் அழுத்து அழுத்தினால் போதும். சிவப்புத் தொப்பி குதிக்கும். கோபம் தீர்ந்தது, வா போகலாம் என்று ஆகிவிடும். அவளுக்கு அது வேண்டியிருந்தது. உடம்பு முழுவதும் அதைக் கேட்டது. விரல் அப்படியே இருந்தது.

அவன் குதித்தால்தான் அது குதி. அவள் குதிக்க வைத்தால் அது இன்னொரு பச்சைப் புள்ளி. அந்த மாதிரிப் பச்சை அவள் கையால் ஏற்கெனவே நிறைய ஆகிவிட்டது. விரலை எடுத்துவிட்டாள்.

ஃபோனில் விபிஎன்னின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்தாள். இரண்டே சாவிகள். அவனுடையதைத் தொட்டு, ரத்து செய் என்பதை அழுத்தினாள். நிச்சயமாகவா என்று கேட்டது. எத்தனையோ பேருடைய சாவியை, வேலையை விட்டுப் போனவர், கருவியைத் தொலைத்தவர் என்று, யோசிக்காமல் ரத்து செய்திருக்கிறாள். இதே கேள்வியை அப்போதெல்லாம் படித்ததுகூட இல்லை. இப்போது இரண்டு முறை படித்தாள். ஆமாம் என்றாள். திரையில் மஞ்சள் தொப்பி சட்டென்று மறைந்தது. சிவப்புத் தொப்பி மட்டும் கதவருகே நின்றது, இடுப்பில் குழாயோடு. பெட்டியின் சுவிட்சை அணைத்தாள். பிறகு டிவியை அணைத்தாள். அறை இவ்வளவு இருட்டு என்று அதுவரை தெரியவில்லை. ஜன்னலைத் திறந்தாள்.

துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. ஆபீஸ். கிடங்கில் திட்டு வாங்கிய அதே பெண்.

"மேடம், லீவுல தொந்தரவு பண்றேன், மன்னிச்சுக்கோங்க. கடைசி வரிசையில சண்டின்னு ஒண்ணு இருக்கு, அது திடீர்னு செவப்பாயிடுச்சு. எந்தக் கிடங்குன்னு தெரியல. நீங்க சொன்ன மாதிரி யாரையாவது அனுப்பிக் கதவத் தொறந்து பாக்கச் சொல்லட்டுமா?"

அக்கா கையிலிருந்த சட்டையை மடியில் வைத்துக்கொண்டாள். சுத்தமான சட்டை.

"வேண்டாம்மா," என்றாள். "தொறந்து பாத்தாச்சு. அது சரியாத்தான் காட்டுது."